மறைந்திருக்கும் எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி? வாக்கியக் கணக்குகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பன் தீவில் மாலை வேளைகளில் ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். இயற்கணிதத்தில் வாக்கியக் கணக்கு தொடங்கும் மாதத்தில் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும் கேட்கும் கேள்விகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் மகனுக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் நன்றாக வருகிறது. வாக்கியக் கணக்கைக் கண்டால் மட்டும் ஏன் திகைத்து நிற்கிறான்?

அவனுக்குக் கணக்கு வரவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவன் வாக்கியத்தைப் படிக்கவில்லை, அவ்வளவுதான். வாக்கியத்தில் கண்ணில் பட்ட எண்களை மட்டும் அள்ளிக்கொண்டு, கூட்டலா கழித்தலா என்று குறிபார்க்கத் தொடங்கிவிடுகிறான். ‘50’, ‘18’ என்று இரண்டு எண்களைப் பார்த்ததும் 68 என்றோ 32 என்றோ எழுதிவிடும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். இரண்டில் எது சரி என்பது எண்களில் இல்லை. அவற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன எழுத்துகளில் இருக்கிறது. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

எண் தெரியாதபோது ஏன் ஓர் எழுத்தை எழுத வேண்டும்? அந்த எழுத்துக்கு என்ன பொருள்?

பெயர் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேச முடியாது. தெரியாத எண்ணுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால், தெரிந்த எண்ணைக் கையாள்வது போலவே அதையும் கூட்டலாம், பெருக்கலாம். 628ஆம் ஆண்டில் தம் நூலை எழுதிய இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர், தெரியாத எண்களுக்கு நிறங்களின் பெயர்களை வைத்தார். ஐரோப்பாவில் 1637இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் டெகார்ட், லத்தீன் எழுத்து வரிசையின் கடைசி எழுத்துகளைத் தெரியாத எண்களுக்கு ஒதுக்கினார். இன்று பாடநூலில் நாம் பார்க்கும் எக்ஸ், ஒய் அந்த வழியில் வந்தவை. பெயர் எதுவானாலும் கணக்கு மாறாது. நான் வகுப்பில் ‘ம’ என்று எழுதச் சொல்வேன். மறைந்திருக்கும் எண் என்பதற்கு ம. (க, உ, அ ஆகியவற்றை வைக்காமல் விட்டதற்குக் காரணம் உண்டு. அவை 1, 2, 8 ஆகியவற்றின் பழைய தமிழ் எண்வடிவங்களைப் போலவே இருப்பவை.)

இதில் ஒன்றே ஒன்றைத்தான் நான் விடாப்பிடியாகக் கேட்பேன். ம என்பது ஒரு பொருள் அல்ல, ஓர் எண். சென்ற ஆண்டு எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு இந்தக் கணக்கைக் கொடுத்தேன்: “ஒரு பெட்டியில் இறாலைவிட நண்டு 8 கிலோ கூடுதலாக இருக்கிறது. இரண்டும் சேர்ந்து 30 கிலோ. நண்டு எவ்வளவு?” அவள் நோட்டில் முதல் வரியாக ‘ம = இறால்’ என்று எழுதினாள். பிறகு ம + ம + 8 = 30 என்று சரியாகவே எழுதி, ம = 11 என்றும் கண்டுபிடித்து, கீழே ‘விடை: 11 கிலோ’ என்று கோடிட்டாள். “இறாலோடு எட்டைக் கூட்டினால் நண்டாகிவிடுமா?” என்று கேட்டேன். நோட்டைச் சற்று நேரம் பார்த்தாள். முதல் வரியை அடித்துவிட்டு, ‘ம = பெட்டியில் உள்ள இறாலின் எடை, கிலோவில்’ என்று எழுதினாள். அடுத்த நொடியே, “டீச்சர், அவர்கள் நண்டைத்தானே கேட்டார்கள்?” என்று தானே சொல்லி 19 என்று திருத்தினாள். நான் வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ம என்பது என்ன என்று ஒரு முழு வாக்கியமாக, அலகோடு எழுதுங்கள். கிலோவா, ரூபாயா, ஆண்டா, ஆட்களின் எண்ணிக்கையா? அந்த ஒரு வரிக்குச் செலவாகும் நேரம் வீண் அல்ல.

வாக்கியத்தைச் சமன்பாடாக மாற்றுவதுதான் கடினமாக இருக்கிறது. அதற்கு ஏதேனும் வழி உண்டா?

உண்டு. தமிழில் படிக்கும் பிள்ளைக்கு இதில் பெரிய வசதி இருக்கிறது. இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்யும் வேற்றுமை உருபுகள்தாம் அந்த வழி. ஐ, ஆல், ஓடு, இன், இருந்து, விட: இவற்றின் கீழ் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு படியுங்கள்.

“ஓர் எண்ணிலிருந்து 50ஐக் கழிக்க 18 வருகிறது.” இங்கே குறைவது அந்த எண், எடுக்கப்படுவது 50. எனவே ம − 50 = 18; விடை 68. “ஓர் எண்ணை 50இலிருந்து கழிக்க 18 வருகிறது.” இங்கே ‘இருந்து’ இடம் மாறிவிட்டது. 50 − ம = 18; விடை 32. அதே எண்கள், அதே வினைச்சொல். உருபு ஒன்று நகர்ந்ததும் விடை வேறாகிவிட்டது.

வகுத்தலிலும் அப்படியே. “ஓர் எண்ணை 7ஆல் வகுக்க 12 வருகிறது” என்றால் ம ÷ 7 = 12; அந்த எண் 84. “ஓர் எண்ணால் 84ஐ வகுக்க 7 வருகிறது” என்றால் 84 ÷ ம = 7; அந்த எண் 12. ‘ஆல்’ எதோடு ஒட்டியிருக்கிறதோ அதுதான் வகுக்கும் எண்.

‘இன்’ வந்தால் பெரும்பாலும் பெருக்கல்: எண்ணின் மூன்று மடங்கு என்றால் 3ம, எண்ணின் பாதி என்றால் ம ÷ 2. ‘உம்’ இரட்டையாக வந்து ‘சேர்ந்து’ என்று முடிந்தால் கூட்டல்: “ஓர் எண்ணும் அதன் பாதியும் சேர்ந்து 36” என்றால் ம + ம ÷ 2 = 36; விடை 24.

அடைப்புக்குறி எங்கே போடுவது என்று பிள்ளைகள் தவிக்கிறார்கள். அதையும் தமிழே சொல்லிவிடுகிறது. கூட்டி, கழித்து, பெருக்கி என்று முடியும் வினையெச்சங்களைப் பாருங்கள். எச்சம் வந்த செயல் முதலில் முடிந்துவிட்டது என்று பொருள். “ஓர் எண்ணோடு 6ஐக் கூட்டி, வந்ததை 3ஆல் பெருக்க 60.” கூட்டல் முடிந்த பிறகே பெருக்கல்; ஆகவே கூட்டலை அடைப்புக்குறிக்குள் வைக்கிறோம்: 3(ம + 6) = 60, ம = 14. “ஓர் எண்ணை 3ஆல் பெருக்கி, அதோடு 6ஐக் கூட்ட 60.” இங்கே பெருக்கல் முந்தியது: 3ம + 6 = 60, ம = 18.

ஓர் எச்சரிக்கை. ‘மூன்று மடங்கு’ என்றால் 3ம, ஐயமில்லை. ‘மூன்று மடங்கு அதிகம்’ என்று யாராவது எழுதினால் அது 3மவா, 4மவா என்பது தெளிவில்லை. அப்படி ஒரு கேள்வி வந்தால் ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். கேள்வி எழுதுபவர்களும் அந்தத் தொடரைத் தவிர்ப்பதே நியாயம்.

‘மீதியில்’ என்ற சொல்லில் என் மகள் எப்போதும் தடுமாறுகிறாள். என்ன செய்வது?

இரண்டு கணக்குகளை அடுத்தடுத்துக் கொடுத்துப் பாருங்கள். “அம்மா கையிலிருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கை வலைக்கும், மீதியில் பாதியை அரிசிக்கும் செலவிட்டார், 700 ரூபாய் மிஞ்சியது.” வலைக்குப் போக மிஞ்சியது மூன்றில் இரண்டு, அதில் பாதி மூன்றில் ஒன்று. ஆக ம ÷ 3 = 700; கையிலிருந்தது 2,100 ரூபாய். இப்போது ‘மீதியில்’ என்பதை ‘மொத்தத்தில்’ என்று மாற்றுங்கள். மூன்றில் ஒன்றும் இரண்டில் ஒன்றும் போக ஆறில் ஒன்றுதான் மிஞ்சும். ம ÷ 6 = 700; கையிலிருந்தது 4,200. ஒரு சொல் மாறியதில் தொகை இரு மடங்காகிவிட்டதைக் கண்ணால் பார்த்த பிள்ளை அடுத்த முறை அந்தச் சொல்லைத் தாண்டிப் போகாது.

‘பக்கம் மாறினால் குறி மாறும்’ என்று மனப்பாடம் செய்கிறார்கள். ஏன் மாறுகிறது?

அந்தச் சூத்திரத்தை நான் முதல் மாதத்தில் சொல்வதே இல்லை. தராசைக் காட்டுகிறேன். கருவாடு விற்பவர் இரு தட்டுத் தராசில் கூடையோடு வைத்து நிறுத்தால், கூடையின் எடைக்கு ஈடான ஒரு கல்லை மறு தட்டில் வைப்பார். கூடையை எடுத்தால் அந்தக் கல்லையும் எடுத்தாக வேண்டும்; ஒன்றை மட்டும் எடுத்தால் தட்டு சாய்ந்துவிடும். சமன்பாடும் அதுதான். ம + 8 = 19 என்பதில் இடப்பக்கத்து 8ஐ எடுக்கிறோம்; வலப்பக்கத்திலும் 8ஐ எடுக்கிறோம்; ம = 11. எட்டு ‘தாவி’ அந்தப் பக்கம் போகவில்லை. இரு பக்கமும் ஒரே வேலையைச் செய்தோம்.

ஆங்கிலத்தில் இயற்கணிதத்துக்கு வழங்கும் ‘அல்ஜீப்ரா’ என்ற பெயர் ‘அல்-ஜப்ர்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி, தம் நூலின் பெயரில் அந்தச் சொல்லை வைத்தார். குறைந்ததைத் திரும்ப நிறைவாக்குவது, முறிந்ததை ஒட்டவைப்பது என்பது அதன் பொருள். ம − 5 = 20 என்பதில் ஐந்து குறைந்துபோன எண்ணை இரு பக்கமும் ஐந்தைச் சேர்த்து முழுதாக்குகிறோமே, அந்தச் செயலுக்குத்தான் அந்தப் பெயர்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். சமக்குறியை இழுத்துக்கொண்டே போகக் கூடாது. ‘3ம = 33 = 11’ என்று எழுதினால் 33உம் 11உம் சமம் என்று சொன்னதாகிவிடும். ஒவ்வொரு படியையும் புதிய வரியில் எழுதுங்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் பங்குக் கணக்கை மனத்திலேயே போட்டுவிடுகிறேன். அப்படியிருக்க இந்த எழுத்தெல்லாம் எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாவை நான் வகுப்பின் முன்னால் நிறுத்தி, அவரையே ஒரு கணக்குச் சொல்லச் சொன்னேன். கணக்கு இது: “விற்ற பணத்தில் டீசல், ஐஸ் செலவு 6,400 ரூபாயைக் கழித்து, மீதியில் பாதி படகுக்குப் போய், மறு பாதியை ஐந்து பேர் சமமாகப் பிரித்தார்கள். ஆளுக்கு 1,500 ரூபாய். பாடு (பிடித்து வந்த மீன்) எவ்வளவுக்கு விலை போனது?” அவர் நொடியில் சொன்னார்: ஐந்து பேருக்கு 7,500, படகுக்கும் அதே 7,500, ஆக 15,000, செலவைச் சேர்த்தால் 21,400.

இது முழுக்க முழுக்க இயற்கணிதம்தான். கழித்ததைக் கூட்டினார், வகுத்ததைப் பெருக்கினார், கடைசியில் நடந்ததை முதலில் அவிழ்த்தார். முடிச்சு போட்டவர் கடைசியாகப் போட்டதைத்தான் முதலில் அவிழ்ப்பார். வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கப் பயப்படும் அம்மாக்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்: உங்களுக்குப் பாதி தெரியும்.

மீதிப் பாதி எங்கே வருகிறது? தெரியாத எண் கணக்கில் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் பின்னோக்கி அவிழ்த்துவிடலாம். இரண்டு இடங்களில், அதுவும் சமக்குறியின் இரு பக்கமும் இருந்தால் எந்த முனையைப் பிடித்து அவிழ்ப்பது? அங்கேதான் எழுத்து தேவைப்படுகிறது. வயதுக் கணக்குகள் அப்படிப்பட்டவை.

வயதுக் கணக்கை எப்படிப் போடுவது?

“தாயின் வயது மகளின் வயதைப்போல் நான்கு மடங்கு. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் மூன்று மடங்காக இருக்கும்.” மகளின் இன்றைய வயது ம ஆண்டுகள் என்க. தாய்க்கு 4ம. ஐந்து ஆண்டுகளில் இருவருக்குமே ஐந்து கூடும். தாய்க்கு மட்டும் கூட்டிவிட்டு மகளை மறந்துவிடுவதுதான் வழக்கமான பிழை. 4ம + 5 = 3(ம + 5). விரித்தால் 4ம + 5 = 3ம + 15; ம = 10. மகளுக்கு 10, தாய்க்கு 40. ஐந்து ஆண்டு கழித்து 15, 45.

சில நேரம் விடை குறை எண்ணாக வரும். பிள்ளைகள் பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். “தாய்க்கு 43, மகனுக்கு 13. எத்தனை ஆண்டுகளில் தாயின் வயது நான்கு மடங்காகும்?” 43 + ம = 4(13 + ம) என்று எழுதினால் ம = −3 வருகிறது. பிழை இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அது நடந்துவிட்டது: அப்போது 40, 10. நாம் எதிர்காலத்தில் தேடினோம். சமன்பாடு இறந்தகாலத்தைக் காட்டிவிட்டது.

நம் ஊரை வைத்து ஒரு கணக்குச் சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. அதன் அருகிலுள்ள சாலைப் பாலம் 1988இல் திறக்கப்பட்டது. எந்த ஆண்டில் ரயில் பாலத்தின் வயது சாலைப் பாலத்தின் வயதைப்போல் மூன்று மடங்காகும்?

ம என்பது அந்த ஆண்டு என்க. ரயில் பாலத்தின் வயது ம − 1914. சாலைப் பாலத்தின் வயது ம − 1988. வாக்கியத்தின்படி,

ம − 1914 = 3(ம − 1988)
ம − 1914 = 3ம − 5964
5964 − 1914 = 3ம − ம
4050 = 2ம
ம = 2025

சரிபாருங்கள்: 2025இல் ரயில் பாலத்துக்கு 111, சாலைப் பாலத்துக்கு 37. மூன்று முப்பத்தேழு நூற்றுப்பதினொன்று. அதே 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதிதான் பழைய பாலத்துக்குப் பக்கத்தில், நடுப்பகுதி செங்குத்தாக மேலே உயரும் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. இந்த விடை வந்தபோது வகுப்பில் எழுந்த ஆரவாரம் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மீன்பிடித் தடைக்காலத்தை வைத்தும் ஒன்று. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. “இன்று மாலையோடு மீதியிருக்கும் நாட்கள், கழிந்த நாட்களின் இரு மடங்கைவிட ஒன்று கூடுதல். இன்று என்ன தேதி?” ம + 2ம + 1 = 61; கழிந்தது 20 நாள்; தேதி மே 4. இதில் பாதிப் பிள்ளைகள் மே 5 என்பார்கள். ஏப்ரல் 15ஐயும் ஒரு நாளாக எண்ண வேண்டும் என்பதைச் சமன்பாடு சொல்லாது. விரல்விட்டு எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

தெரியாத எண்கள் இரண்டு இருந்தால்?

ஒன்றை வைத்து மற்றொன்றைச் சொல்ல முடிகிறதா என்று முதலில் பாருங்கள். “கரையிலிருந்து 20 படகுகள் கிளம்பின. நாட்டுப்படகில் 4 பேர், விசைப்படகில் 7 பேர். மொத்தம் 104 பேர்.” நாட்டுப்படகுகள் ம என்றால் விசைப்படகுகள் 20 − ம. இரண்டாவது எழுத்து தேவையே இல்லை. 4ம + 7(20 − ம) = 104; 140 − 3ம = 104; ம = 12. நாட்டுப்படகு 12, விசைப்படகு 8.

எழுதாமலும் போடலாம். இருபதும் நாட்டுப்படகு என்று வைத்தால் 80 பேர்தான். 24 பேர் இடிக்கிறது. ஒரு நாட்டுப்படகை விசைப்படகாக மாற்றினால் 3 பேர் கூடும். 24ஐ 3ஆல் வகுக்க 8. இரண்டு எழுத்துகளை வைத்துப் போடும் நீக்கல் முறையும் பிரதியிடல் முறையும் ஒன்பதாம் வகுப்பில் வரும். அதற்குமுன் இந்த யோசனை கைவந்துவிட்டால் அவை எளிது.

அடுத்தடுத்த எண்கள், ஈரிலக்க எண்கள்?

அடுத்தடுத்த மூன்று எண்கள் என்றால் நடு எண்ணை ம என்று வையுங்கள்: ம − 1, ம, ம + 1. கூடுதல் 3ம ஆகிவிடும். அடுத்தடுத்த ஒற்றை எண்களுக்கு இடைவெளி ஒன்றல்ல, இரண்டு. ஈரிலக்க எண்ணில் பத்தாமிட இலக்கம் ம, ஒன்றாமிட இலக்கம் ந என்றால் எண்ணின் மதிப்பு 10ம + ந. ‘மந’ என்று எழுதினால் அது பெருக்கல்.

விடை 12½ படகு என்று வந்தால்?

கேள்வியைத் திரும்பப் படியுங்கள். படகுக்கும் ஆளுக்கும் பின்னம் வராது. எடைக்கும் பணத்துக்கும் வரலாம்.

விடையைச் சரிபார்ப்பது எப்படி?

சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பது போதாது. சமன்பாட்டையே தவறாக எழுதியிருந்தால் அது தவறான விடைக்கும் தலையாட்டும். கேள்வியின் வாக்கியத்தில் எண்ணைப் போட்டு வாய்விட்டுப் படியுங்கள்: “இறாலைவிட நண்டு 8 கிலோ கூடுதல், இறால் 11, நண்டு 19, சேர்ந்து 30.” காதுக்குச் சரியாக ஒலிக்க வேண்டும்.

என் பிள்ளை ஆங்கில வழியில் படிக்கிறான். இதெல்லாம் அவனுக்கும் பொருந்துமா?

பொருந்தும், ஒரு மாற்றத்தோடு. ‘ஓர் எண்ணைவிட 5 குறைவு’ என்று தமிழில் சொல்லும் வரிசையிலேயே ம − 5 என்று எழுதிவிடலாம். ஆங்கிலத்தில் ‘ஃபைவ் லெஸ் தேன் எ நம்பர்’ என்று ஐந்து முன்னால் வந்து நிற்கும். பிள்ளை 5 − ம என்று எழுதிவிடும். அப்படிப்பட்ட பிள்ளைகளை, வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை தனக்குத்தானே சொல்லிவிட்டுப் பிறகு எழுதச் சொல்கிறேன். பிழைகள் வெகுவாகக் குறைகின்றன. வீட்டில் பேசும் மொழியில் யோசிப்பதற்கு யாரும் வெட்கப்பட வேண்டாம்.

வீட்டில் போட்டுப் பார்க்கச் சில கணக்குகள்?

ஓர் எண்ணும் அதன் பாதியும் அதன் காலும் சேர்ந்து 84. அந்த எண் எது? அடுத்தடுத்த மூன்று ஒற்றை எண்களின் கூடுதல் 93, அவை எவை? ஓர் ஈரிலக்க எண்ணின் இலக்கங்களின் கூடுதல் 9. இலக்கங்களை இடம் மாற்றினால் எண் 27 கூடுகிறது. அந்த எண் எது? கடைசியாக, இரண்டு கூடைகளில் மொத்தம் 130 பனங்கிழங்குகள். முதல் கூடையிலிருந்து 15ஐ எடுத்து இரண்டாவதில் போட்டால் இரண்டும் சமமாகின்றன. முதலில் எதில் எத்தனை இருந்தன?

விடைகள்: 48; 29, 31, 33; 36; முதல் கூடையில் 80, இரண்டாவதில் 50. பனங்கிழங்குக் கணக்கில் உங்கள் பிள்ளை வேறு விடை சொன்னால் இரண்டு கூடைகளை எடுத்து வைத்து நிஜமாகவே மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஒன்றில் 15 குறையும்போது மற்றதில் 15 கூடுவதால் வித்தியாசம் 30 என்பது கையிலேயே தெரிந்துவிடும்.